விசிறியை நிப்பாட்டு

விசிறியை நிப்பாட்டு, என்றார் அப்பா.
அதுதான் கடைசிச் சொல்.
முப்பத்தொரு வருசமாய் இதைச் சொல்லிவருகிறேன்,
வவுனியாவில், வெள்ளவத்தையில்,
ஒருமுறை பல்வைத்தியரின் கதிரையில்
பாதி வாய் மரத்தபடி.

கட்டிலுக்கு நேர்மேலே மின்விசிறி.
ஒரு செட்டை வளைந்தது.
சுற்றுக்கு ஒருதரம் டக் என்னும்.
எழும்பிப்போய் சுவிட்சை அமத்தினேன்.
டக் நின்றது.
திரும்பி வந்தபோது
அவரும்.

இந்த வருசத் திவசத்தில்,
இணுவில் வீட்டில், பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில்
சிவகடாட்சம் கேட்டார்.
சுன்னாகம் பவர் ஹவுசில் இருந்தவர்,
ஊரில் பாதி வீட்டு மீற்றரை அவர்தான் பார்த்தார்.
"தம்பி, கொப்பர் எப்ப மோசம்போனவர்?"
"தொண்ணூற்றி மூண்டு, பங்குனி."
"அப்ப எங்கையடா கரண்ட்?"

கையில் சவர்க்காரம் காய்ந்தது.

எங்கே கரண்ட்?
தொண்ணூறாம் ஆண்டோடு போனது.
பிறகு கம்பியில் காகம்தான் இருந்தது.
ஜாம் போத்தலில் பஞ்சு போட்டு
மண்ணெண்ணெயைத் துளித்துளியாய் எண்ணி எரித்தோம்.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
நான் பெடல் சுற்ற, டைனமோவில்
பக்கத்து வீடும் வந்து செய்தி கேட்டது.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்தபடியே
அந்த அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது
முப்பத்தொரு வருசமும்,
ஒரு மீற்றரிலும் ஏறாமல்.

நினைவென்றால்
அலுமாரியில் மடித்துவைத்த வேட்டி என்றிருந்தேன்.
பார்க்க எடுப்பதென்றாலே உடுத்துத்தான் எடுக்க வேண்டும்போல.
உடுத்த இடத்துத் தூசியோடு
திரும்ப மடிக்கிறோம்.
முதன்முதல் இதைச் சொன்னது வெள்ளவத்தை லொட்ஜில்.
அங்கே மேலே ஒன்று சுற்றியது.
வளைந்த செட்டை அதனுடையதாய் இருக்கலாம்.
இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.
லொட்ஜின் சுவர் பச்சையோ என்று யாராவது கேட்டால்
ஓம் என்பேன்.
மஞ்சளோ என்றாலும்.

சொல் மட்டும் அவருடையது. விசிறி.
பனையோலையில் பின்னியதும் அதுதான்,
முகட்டில் தொங்கும் இயந்திரமும் அதுதான்.
சொல்லைப் பத்திரமாய் வைத்திருந்து
படத்தை எங்கோ தவறவிட்டிருக்கிறேன்.
கையில் அகப்பட்ட படத்தை எடுத்து
ஒட்டியிருக்கிறேன்.

ஓலை விசிறி என்றால்
அதற்கு ஒரு கை வேணும்.
அப்படியென்றால் நிப்பாட்டு என்றது
சுவிட்சைப் பற்றி இல்லை.
யாரோ ஒரு ஆளிடம்.
கை உளையும், போதும், போய்ப் படு
என்கிற மாதிரி.
இத்தனை காலமும் எரிச்சலாய்க் கேட்ட குரல்
நேற்றிலிருந்து இரக்கமாய்க் கேட்கிறது.
அதையும் நம்பேலாது.

சுவிசுக்கு அழைத்தேன்.
"நான்தானே விசுக்கினனான்," என்றாள் தவமலர்,
யோசிக்கவே இல்லை.
"நீ அப்ப சங்கக்கடை வரிசையில."
பிறகு பாத்திரம் கழுவும் சத்தம்.
பிறகு தண்ணீர் நின்றது.
"இல்லாட்டி அது
அம்மா செத்தண்டோ?"

செவ்வாய்க்கிழமையிலிருந்து
எனக்கு வலது மணிக்கட்டு நோகிறது.
இருட்டில் கட்டிலோரம் குந்தியிருக்கிறேன்.
ஓலை போய் வரும்போதெல்லாம்
அதன் காம்பு கட்டில் சட்டத்தில் தட்டுகிறது,
டக்.
விளக்கு ஒருதரம் சாய்ந்து நிமிர்கிறது.
எண்ணெய் மணம்கூட வருகிறது.

இவ்வளவு வெளிச்சமாய் இருப்பதுதான் பயம்.
இது அங்கிருந்து வருகிறதா,
போன கிழமை நானே செய்ததா?
கேட்கக்கூடிய ஒரே ஆள்
நிப்பாட்டு என்றுவிட்டுப்
போனார்.